கொம்போசிட் தட்டு: திருகோணமலையில் மேல்மாடி போடுகிறவர்கள் பிழைவிடும் இடங்கள்

உப்புவெளியில் ஒரு கடையின் மேல்மாடியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். நடுவில் நின்று குதிகாலால் ஓர் இடி இடித்தேன். மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பைக்குள் வளையம் ஓடியது. "ஐ பீம் வைச்சு, தகடு விரிச்சு, கொங்கிரீட் போட்டிருக்கு சேர். இது கொம்போசிட்தானே?" என்றார் முதலாளி.

இல்லை. கொம்போசிட் என்றால் உருக்கு பீமும் கொங்கிரீட் தட்டும் பிணைந்து ஒன்றாய்ச் சுமை தாங்க வேண்டும். அப்படிப் பிணைக்கும் ஸ்டட், அதாவது பீமின் மேல் நிமிர்த்தி வெல்ட் பண்ணும் ஆணி, ஒன்றுகூட இல்லை.

ஒரு கொப்பியை வளைத்துப் பாருங்கள்; ஓரத்தில் தாள்கள் படிக்கட்டுப்போல ஒன்றையொன்று விலகிப் போகும். அந்த ஓரங்களைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் இலேசில் வளையாது. ஒரே தடிப்புள்ள இரண்டு பலகையைச் சும்மா அடுக்குவதைவிட ஒட்டி வைத்தால் விறைப்பு நான்கு மடங்கு. பீமில் வெல்ட் பண்ணும் ஸ்டட் அந்தப் பசையின் வேலையைத்தான் செய்கிறது. பெரும்பாலும் 19 மி.மீ. விட்டம், பருத்த தலை. அது வழுக்கலைத் தடுத்தால்தான் மேலே கொங்கிரீட் நசிவையும் கீழே உருக்கு இழுவையையும் பங்குபோட்டுத் தாங்கும். கொங்கிரீட் போடுமுன் ஸ்டட்டைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல வெல்ட் மணிபோல ஒலிக்கும். சத்தம் மொத்தையாக வந்தால் 15 பாகை சாய அடித்துப் பாருங்கள். வெல்ட் வெடித்தால் மாற்றச் சொல்லுங்கள்.

தகட்டிலும் ஏமாறுகிறார்கள். டெக்கிங் தகட்டுக்குப் பதிலாகக் கூரைத் தகரத்தை விரித்துவிடுகிறார்கள். அது மழமழவென்றிருக்கும், கொங்கிரீட்டைப் பிடிக்காது. டெக்கிங் தகட்டில் அதற்கென்றே புடைப்புகள் அழுத்தியிருக்கும்.

விலை ஒப்பிடும்போது கம்பி, சீமெந்து, ஐ பீம் மூன்றையும் மட்டும் கூட்டிப் பார்ப்பது அடுத்த பிழை. வழமையான 5 அங்குலத் தட்டு சதுர மீற்றருக்கு 300 கிலோ வரும். இறுகும்வரை அதைத் தாங்கும் பலகை, முட்டு, அவை நிற்கும் நாட்கள் எல்லாம் செலவுதான். டெக்கிங்கில் பீம்களுக்கிடையே இடைவெளி குறைவென்றால் முட்டே தேவைப்படாது. அதற்காகப் பத்தடி அறைகள் உள்ள வீட்டுக்கு ஐ பீம் வாங்காதீர்கள். என் கணக்கில் அங்கே மேசன் பாஸ் பலகை அடித்துக் கம்பி கட்டிப் போடும் பழைய முறைதான் வெல்லும். நடுவில் தூணில்லாத 25, 30 அடி மண்டபமென்றால் கதை வேறு.

நிலாவெளிப் பக்கம் கடற்காற்று இரண்டு முறையையும் விடாது. வெறும் பெயின்ற் பூசிய பீம் மாரி கழியவே துருவைக் காட்டிவிடும். கொங்கிரீட்டுக்குள் கவர் கட்டை (கம்பி பலகையில் ஒட்டாமல் உயர்த்தி வைக்கும் சிறு கட்டை) வைக்காத கம்பியோ, துருத்தபின் ஊதிப் பருத்துத் தட்டையே பிளக்கும். வெளிப்பக்கக் கம்பிக்கு 40–50 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கொங்கிரீட் தடிப்பு, விடுங்கள். கீழே சமையலறை வருவதென்றால் பீமுக்குத் தீக்காப்பும் வேண்டும். 600 பாகை செல்சியசில் உருக்கின் பலம் அரைவாசிக்கும் கீழே போய்விடும்.

உப்புவெளிக் கடையில் இனி ஸ்டட் வைப்பதென்றால் தட்டை உடைக்க வேண்டும். நடுவில் அத்திவாரத்தோடு ஒரு தூண் கொடுப்பதுதான் மலிவு என்றேன். தூண் வரவேண்டிய இடத்தில் முதலாளியின் காசுமேசை இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.