அப்பா ட்ரூடோ, மகன் ட்ரூடோ: ஒப்பிடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

கனடா அரசியலைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் "அப்பா கால் தூசிக்கு வரமாட்டார் மகன்" என்று சொல்லிவிடுவார். உடனே இன்னொருவர் "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று எதிர்ப்பக்கம் நிற்பார். இரண்டும் ஆளை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்புகள். பியர் ட்ரூடோ 1968 முதல் 1979 வரையும், மறுபடி 1980 முதல் 1984 வரையும் பிரதமராக இருந்தார். ஜஸ்டின் ட்ரூடோ 2015 முதல் 2025 வரை. ஒரே குடும்பப் பெயர், ஒரே லிபரல் கட்சி, ஒரே நாற்காலி. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் கையில் என்ன அதிகாரம் இருந்தது, சபையில் எத்தனை பேர் பின்னால் இருந்தார்கள் என்பதெல்லாம் நிறையவே மாறியிருந்தது.

நான் அடிக்கடி கேட்கும் தவறு இது: "இருவருமே அவசரநிலை கொண்டுவந்தவர்கள்தானே, என்ன வித்தியாசம்?" கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

1970 அக்டோபரில், கியூபெக் மாகாணத்தைத் தனி நாடாக்கக் கோரிய தீவிரவாதிகள் முதலில் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் கிராஸையும், பிறகு மாகாண அமைச்சர் பியர் லாப்போர்ட்டையும் கடத்தினார்கள். அக்டோபர் 16 விடிவதற்கு முன்பே பியர் ட்ரூடோ போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார். அது 1914இல், முதல் உலகப் போருக்காக எழுதப்பட்ட சட்டம். பிடியாணை இல்லாமல் வீடு புகுந்து பிடிக்கலாம். கிட்டத்தட்ட 500 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்த வழக்கும் இல்லாமல் வெளியே வந்தவர்கள். மறுநாளே லாப்போர்ட்டின் உடல் ஒரு காரின் பின்பெட்டியில் கிடைத்தது.

2022 பிப்ரவரி 14 அன்று ஜஸ்டின் கையில் எடுத்தது வேறு சட்டம். பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 1988இல் கொண்டுவந்த அவசரநிலைச் சட்டம் அது. கொரோனா கட்டுப்பாடுகளை எதிர்த்துப் போராடியவர்களின் லாரிகள் தலைநகர் ஒட்டாவாவின் மையத்தை வாரக்கணக்கில் அடைத்து நின்றபோது அதை அறிவித்தார். இந்தச் சட்டப்படி ஏழு அமர்வு நாட்களுக்குள் அரசு நாடாளுமன்றத்தின் முன் வர வேண்டும், முடிந்த பிறகு விசாரணை ஆணையமும் கட்டாயம். மக்களவையில் 185க்கு 151 என்று வாக்கு விழுந்தது. பிப்ரவரி 23இல் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. சட்டம் கேட்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது என்று 2023இல் ஆணையம் சொன்னது. 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்கு நேர்மாறாக, அந்த அறிவிப்பு நியாயமற்றது, அடிப்படை உரிமைகளைக் காக்கும் உரிமைச் சாசனத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது.

அந்த உரிமைச் சாசனம் யார் கொண்டுவந்தது? பியர் ட்ரூடோ, 1982இல். தான் 1970இல் செய்ததற்கு இல்லாத கடிவாளத்தை அப்பாவே பிறகு செய்து வைத்தார், அது மகனின் கையைப் பிடித்தது. "அப்பா துணிச்சல்காரர், மகன் தயங்கினார்" என்றோ "மகன்தான் பெரிய சர்வாதிகாரி" என்றோ சொல்லும் முன் இதைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். 2022இல் போராட்டக்காரர்கள் சிலரின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டது எனக்கும் உறுத்தலான விஷயம்தான். அதற்காக 1970இன் இரவுக் கைதுகளோடு அதை ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

அப்புறம், ஆண்டுகளைக் கூட்டிப் பார்ப்பது. அப்பா பதினைந்து ஆண்டு, மகன் ஒன்பது ஆண்டு என்று எண்ணுவதால் ஒன்றும் தெரியாது. 1972இல் பியருக்குக் கிடைத்தது 109 இடங்கள், எதிர்க்கட்சிக்கு 107. புதிய ஜனநாயகக் கட்சியின் தயவில்தான் 1974 வரை ஆட்சி ஓடியது. ஜஸ்டினுக்கு 2015இல் 184 இடங்கள், முழுப் பெரும்பான்மை. 2019இல் 157, 2021இல் 160, இரண்டுமே சிறுபான்மை ஆட்சி. 2022இல் அதே புதிய ஜனநாயகக் கட்சியோடு ஒப்பந்தம் போட்டார், பல் மருத்துவத் திட்டம் அப்படி வந்ததுதான். எனவே 2019க்குப் பிந்தைய ஜஸ்டினை 1972–74இன் பியரோடு வைத்துப் பாருங்கள்.

பணக் கணக்கிலும் இப்படித்தான். அன்றைய டாலரும் இன்றைய டாலரும் ஒன்றல்ல. 1968இல் ஏறத்தாழ 2 கோடி மக்கள், 2023இல் 4 கோடி. கடனையும் பற்றாக்குறையையும் மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்றுதான் பார்க்க வேண்டும். 1981 கோடையில் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியதற்குப் பின்னால் எண்ணெய் விலை இருந்தது, 2020இன் பற்றாக்குறைக்குப் பின்னால் கொரோனா இருந்தது.

கனடாவில் வாழும் நம் தமிழர்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். "நம்மை வரவேற்றது பெரிய ட்ரூடோ" என்று எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறோம். பன்பண்பாட்டுக் கொள்கையை 1971இல் அறிவித்தவர் அவர், சரி. ஆனால் அது சட்டமானது 1988இல், பிரையன் மல்ரோனியின் ஆட்சியில். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்து மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தபோதும் பிரதமர் மல்ரோனிதான். அவர் வேறு கட்சிக்காரர் என்பதற்காக நன்றியை இடம் மாற்றிச் சொல்வது சரியில்லை.

கடைசியாக, தீர்ப்பு சொல்லும் நேரம். 1982 ஏப்ரல் 17 அன்று ஒட்டாவாவில் ராணி எலிசபெத், அந்த உரிமைச் சாசனமும் அடங்கிய புதிய அரசியலமைப்புக்கான பிரகடனத்தில் கையெழுத்திட்டபோது மழை. துளிகள் விழுந்து மை கலங்கிய அந்தத் தாளை இன்று பெருமையோடு காட்டுகிறார்கள். அன்று கியூபெக் அரசு அதை ஏற்கவில்லை, எண்ணெய்க் கொள்கைக்காக ஆல்பர்ட்டாவும் பியர் மீது கடும் கோபத்தில் இருந்தது. 1984இல் அவர் விலகிய சில மாதங்களில் வந்த தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை வெறும் 40 இடங்கள். 2000இல் அவர் இறந்தபோதோ, உடலைச் சுமந்து ஒட்டாவாவிலிருந்து மாண்ட்ரியல் போன ரயிலைப் பார்க்க வழியெங்கும் மக்கள் நின்றார்கள். இடையில் பதினாறு ஆண்டுகள். ஜஸ்டின் பதவி விலகியது 2025 மார்ச்சில்.