கம்பளி நூலில் ஒரு சிறு கைப்பை

இந்தப் பையைப் பின்னிய பிறகு வெந்நீரில் கசக்கிச் சுருக்கி இறுக்க வேண்டும்; அதற்கு உண்மையான கம்பளி நூல்தான் தேவை. ஆனால் நம் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அது வெந்நீரில் எவ்வளவு கசக்கினாலும் சுருங்கி இறுகாது. நாகர்கோவிலில் வாங்கிய இரண்டு பந்துகளை வீணாக்கிய பிறகே இதை அறிந்தேன். நூலில் ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பாருங்கள்: கம்பளியானால் மயிர் கருகும் நாற்றம் எழும், சாம்பல் விரலில் பொடியும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். ‘மெஷினில் துவைக்கலாம்’ என்று குறிப்பிட்ட கம்பளியும் உதவாது, அதுவும் இறுகாது.

6 மில்லிமீட்டர் ஊசியில் 40 கண்ணிகள் (நூல் வளையங்கள்) ஏற்றி, ஒரு வரிசையை நேராகவும் (knit) அடுத்ததை மறித்துமாக (purl), 60 சென்டிமீட்டர் நீளம் வரும்வரை தளர்வாகப் பின்னுங்கள். இரண்டாக மடித்துப் பக்கங்களை அதே நூலால் தைத்து, ஒடுக்கமான நாடா ஒன்றைப் பின்னிப் பிடியாக இணையுங்கள். இந்நிலையில் பை அவலட்சணமாகத் தொங்கும், கவலை வேண்டாம்.

கை பொறுக்கும் வெந்நீரில் சோப்பு கரைத்து, கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாமல் மறையும்வரை துவைகல்லில் தேயுங்கள்; அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அகலத்தைவிட உயரம் அதிகமாகக் குறையுமென்பதால் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும், ஏனெனில் இறுகியதை மீண்டும் தளர்த்த இயலாது. பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, பாலித்தீன் சுற்றிய சாப்பாட்டு டப்பாவை உள்ளே வைத்து நிழலில் உலர்த்துங்கள். இரு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில், ஐப்பசியில் மின்விசிறியின் கீழ் மூன்று நாளாவது வைக்காவிட்டால் மக்கல் வாடை ஏறிவிடும்.