மாலிக்காரர் பாடினால் உடனே 'கிரியோ'வா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் இசை பற்றிய தன் முதல் கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்லி ஒரு தம்பி அனுப்பியிருந்தான். இரண்டாவது வரியிலேயே, இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு. அதையும், ஆப்பிரிக்க இசை, சினிமா பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற வேறு சில தப்புகளையும் சொல்லிவிடுகிறேன்.

பாடுகிறவர் எல்லாரையும் கிரியோ ஆக்குவது

மாலியின் பாடகர் சாலிஃப் கெய்டாவை 'மாலியின் மாபெரும் கிரியோ' என்று எழுதியிருந்தான். கிரியோ என்றால் பரம்பரைப் பாடகர்; அது திறமைக்குத் தருகிற பட்டமில்லை, பிறப்பால் வருவது. அந்தப் பக்கத்து மாண்டே மக்கள் அவர்களை ஜெலி என்பார்கள்; குயாத்தே, சிசோக்கோ என்று குடும்பப் பெயரைக் கேட்டாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பெரிய வீடுகளின் வம்சாவளியைப் பாடுவது, கல்யாணம் பேசுவது, சண்டையைத் தீர்த்துவைப்பது எல்லாம் அவர்கள் வேலை, பாட்டைக் கேட்கிற பெரிய வீட்டார் பரிசு கொடுத்தாக வேண்டும். கெய்டாவோ அந்தப் பெரிய வீட்டுப் பெயர்: 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தா கெய்டாவின் வம்சம். அந்த வீட்டுப் பையன் நாலு பேர் முன்னால் பாடுவதே குடும்பத்துக்கு அவமானம். அதை மீறித்தான் சாலிஃப், தலைநகர் பாமகோவின் ரயில் நிலைய ஹோட்டலில் 'ரயில் பேண்ட்' என்ற இசைக்குழுவோடு பாடினார். 1973-இல் அவர் விலகியபின் அதே இடத்துக்கு வந்த மோரி காந்தே பிறவி ஜெலி. ஒருவருக்குப் பாட்டு குலத்தொழில், இன்னொருவருக்குக் குலத்தோடு சண்டை. இரண்டு பேரையும் கிரியோ என்றால் அந்தச் சண்டையே காணாமல் போகிறது. (மாலியின் கிதார் கலைஞர் அலி ஃபார்க்கா துரேவும் ஜெலி இல்லை. இதையும் மாதம் ஒருமுறையாவது எங்காவது படித்துப் பல்லைக் கடிக்கிறேன்.)

எனக்கு என்ன ஆனது என்றால், பாமகோவிலிருந்து வந்த ஒரு கிதார்காரரிடம் பேட்டி எடுக்க உட்கார்ந்து, "உங்கள் கிரியோ பரம்பரை" என்று ஆரம்பித்தேன். "என் குடும்பப் பெயரைப் படித்தீர்களா?" என்று கேட்டார். அரை மணி நேரம் தருவதாகச் சொன்னவர் டீயைக் குடித்ததும் எழுந்துவிட்டார். பேட்டிக்கு ஒதுக்கிய பக்கத்தில் அவர் படத்தைப் பெரிதாக்கிப் போட்டு ஒப்பேற்றினார்கள்.

நாலிவுட்டைக் கேமராவை வைத்து அளப்பது

நாலிவுட் என்பது நைஜீரியாவின் சினிமா. 1992-இல் 'லிவிங் இன் பாண்டேஜ்' என்ற படம் அங்குள்ள இக்போ மொழியில், வீடியோ கேசட்டாகவே வீடுகளுக்குப் போனது. அதைத் தியேட்டர் படத்தோடு ஒப்பிட்டு ஒளிப்பதிவு மட்டம் என்று எழுதுவது எதற்கு?

சப்டைட்டிலை மட்டும் படிப்பது

செனகலின் உஸ்மான் செம்பேன் பிரெஞ்சில் நாவல் எழுதியவர். எழுத்தறியாத தன் மக்களையும் எட்டத்தான் சினிமாவுக்கு வந்தார், 1968-இல் 'மந்தாபி'யை அந்த மக்கள் பேசும் வோலோஃப் மொழியில் எடுத்தார். அவர் படங்களில் யார் எப்போது பிரெஞ்சுக்குத் தாவுகிறார் என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், கீழே ஓடுகிற எழுத்தில் அது தெரியாது.

'ஆப்பிரிக்கத் தாளம்'

எந்த ஊர்த் தாளம்?

சரி, தம்பிக்கு இவ்வளவையும் விளக்கி எழுதினேன். மறுநாளே திருத்தி அனுப்பினான். 'கிரியோ'வை எடுத்துவிட்டு 'பாணர்' என்று போட்டிருந்தான்.