அசெம்பிள் பிசிக்கு ரீடெயில் லைசென்ஸ்தான்

மதர்போர்டு மாற்றியதும் விண்டோஸ் 11 ஆக்டிவேஷன் போய்விட்டது. கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ என்று ஆங்கிலத்தில் அடித்தால் லைசென்ஸ் வகை தெரியும். ஓஇஎம், அதாவது கம்ப்யூட்டரோடு சேர்த்து வரும் லைசென்ஸ், என்று வந்தது. அது பழைய போர்டோடு கட்டுப்பட்டது, புதியதற்கு வராது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி, பிறகு போர்டையும் மாற்றுகிறவர்களுக்கு, தனியாக வாங்கும் ரீடெயில் லைசென்ஸ்தான் சரி. விலை கூடுதல்தான், ஆனால் அடுத்த மெஷினுக்கும் வரும்.

வாங்கிய கீயை (ஆக்டிவேஷன் குறியீட்டை) போட்டபின் அதே கமாண்ட் வால்யூம் கேஎம்எஸ் என்று காட்டினால், கட்டாயம் திருப்பிக் கொடுங்கள். அது நிறுவனங்களுக்கான கீ. 180 நாளுக்குள் அவர்கள் சர்வரைத் தொடாவிட்டால் ஆக்டிவேஷன் காலாவதியாகும்.

ரீடெயில் கீ போட்டதும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இணைத்துவிட்டேன். இனி போர்டு மாறினால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன், ட்ரபிள்ஷூட் போய் ஹார்டுவேர் மாற்றியதைச் சொன்னால் போதும். வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் இந்த பிசிக்குள் நுழையத் தேவையில்லை என்றால் விண்டோஸின் ஹோம் எடிஷனே தாராளம்.