ஆனையிறவு உப்பைப் பாடமாக்காமல் படிப்பது எப்படி?

உயர்தர இரசாயனவியலில் உப்பு உற்பத்தி வந்தாலே பலர் "முதல் பாத்தியில் கல்சியம் காபனேற்று, இரண்டாவதில் கல்சியம் சல்பேற்று, மூன்றாவதில் உப்பு" என்று பாடமாக்கிவிட்டுப் போகிறார்கள். ஏன் இந்த ஒழுங்கு என்று வினாத்தாளில் கேட்டால் பேனை நின்றுவிடும். ஆனையிறவு உப்பளத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் தேவையில்லை, ஒரு லீற்றர் கடல்நீர் போதும்.

முல்லைத்தீவுக் கரையில் எடுங்கள். நந்திக்கடல் வேண்டாம், களப்பு நீரின் உப்பு மாரிக்கு ஒரு மாதிரி, கோடைக்கு ஒரு மாதிரி. வவுனியாவில் இருப்பவர்கள் கடற்கரைப் பக்கம் போய்வருகிற யாரிடமாவது ஒரு போத்தல் சொல்லிவிடலாம். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் செய்தால் நல்லது, உப்பு விளையவும் அதே வெயிலும் காற்றும்தான் வேண்டும். துணியால் வடித்து, வாயகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, நுளம்பு வலைத்துணியால் மூடி வெயிலில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, உப்பு அதை அரிக்கும்.

இனி அளவுச்சாடியும் கொப்பியும் கையில் இருக்கட்டும். நீர் ஏறக்குறைய பாதியாகும்போது கல்சியம் காபனேற்று படியத் தொடங்கும்; மிகக் கொஞ்சம் என்பதால் கண்ணுக்குப் படாமலும் போகலாம். ஐந்தில் ஒன்றாகும்போது கல்சியம் சல்பேற்று, அதாவது ஜிப்சம். வடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். 100 மில்லிலீற்றர் அளவுக்கு வந்ததும் நீரின் மேற்பரப்பைக் குனிந்து பாருங்கள்: சின்னச் சின்னச் சதுரங்கள் மிதக்கும், வில்லையால் பார்த்தால் நடுவில் குழி விழுந்து விளிம்பு மட்டும் உயர்ந்திருக்கும், பாத்திரத்தை மெல்லத் தட்டினால் அடியில் போய் இருக்கும். அதுதான் கறியுப்பு.

ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இரண்டு எண்கள் தெரிந்தால் சரி: கடல்நீரில் ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது, நீர் அதில் எவ்வளவைத் தாங்கும். 100 மில்லிலீற்றர் நீர் ஜிப்சத்தில் 0.2 கிராம் அளவைத்தான் கரைக்கும், சோடியம் குளோரைட்டில் 36 கிராம், மகனீசியம் குளோரைட்டில் 50 கிராமுக்கும் மேல். கல்சியம் காபனேற்று கரைவதே அரிது. எது முதலில் நிரம்பிய கரைசலாகிறதோ அது முதலில் விழும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் கரைந்திருக்கும் 35 கிராமில் ஏறத்தாழ 27 கிராம் சோடியம் குளோரைட்டு. அதைக் கரைக்க 75 மில்லிலீற்றர் நீர் போதுமே, பிறகு ஏன் 100இலேயே பளிங்கு வந்தது? மகனீசியம் குளோரைட்டும் அதே நீரில் குளோரைட்டு அயனைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அதனால் அந்த நீர் தாங்கும் சோடியம் குளோரைட்டின் அளவு குறைகிறது. பொது அயன் விளைவு என்று நீங்கள் வேறொரு அலகில் படித்தது இங்கே கண்முன்னால் நடக்கிறது, இந்த இடத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அப்புறம், முழுதாக வற்ற விடவேண்டாம். 25 மில்லிலீற்றர் அளவில் நிறுத்தி, மிஞ்சிய நீரைத் தனியே எடுங்கள், மகனீசியம் அதில்தான் சேர்ந்திருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கி, தெளிந்ததும் மேல்நீரை மட்டும் இதில் விட்டால் கலங்கி வெள்ளையாகும், அது மகனீசியம் ஐதரொட்சைட்டு. மீதியில் கொஞ்சத்தைக் கோப்பைத்தட்டில் காயவைத்து இரவு வெளியே வைத்துப் பாருங்கள், காலையில் ஈரமாக இருக்கும். மகனீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையும். உப்பளத்தில் அள்ளிய உப்பை மாதக்கணக்காகக் குவித்து வைப்பதும் இதற்காகத்தான், அது கரைந்து வடிந்துபோகக் கறியுப்பு நிற்கும்.

மின்பகுப்பையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் முந்தி உப்புக்கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் எடுத்தார்கள். அனோட்டில் குளோரீன், கதோட்டில் ஐதரசன், கரைசலில் சோடியம் ஐதரொட்சைட்டு, அதுதான் எரிசோடா. குளோரீன் நச்சு வாயு, ஆகவே இதை வீட்டில் செய்யவே கூடாது, ஆய்வுகூடத்தில் ஆசிரியர் முன்னால்தான். கரைசலில் மகனீசியத்தை விட்டுவைத்தால், கதோட்டுப் பக்கம் உண்டாகும் ஐதரொட்சைட்டு அயனோடு சேர்ந்து, சுண்ணாம்பு நீரில் பார்த்த அதே வெள்ளை வீழ்படிவு, இரண்டு மின்வாய்களுக்கும் நடுவில் உள்ள மென்சவ்வை அடைத்துவிடும். அதனால்தான் மின்பகுப்புக்கு முன்பே உப்புக்கரைசலைச் சுத்தம் செய்கிறார்கள்.