ஒரு நவீனக் கட்டடத்தைப் பார்த்துச் சிந்தனைக் கட்டுரை எழுதுவது எப்படி

கலையும் வடிவமைப்பும் படிக்கும் மாணவர்கள் ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதத் தொடங்கும்போது, ‘எளிமை’, ‘கம்பீரம்’, ‘புதுமை’ போன்ற சொற்களே முதலில் வந்து நிற்கின்றன; பல கட்டுரைகள் அந்தச் சொற்களைத் தாண்டாமலேயே முடிந்தும்விடுகின்றன. இதற்கு ரசனைக் குறைவு காரணமன்று. ஒரு கட்டடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. இந்தத் துறையில் மாணவனாக இருக்கும் நான் நம்பிப் பின்பற்றும் முறையை இங்கே விளக்குகிறேன்: கட்டடத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளுள் ஒன்றைக் கண்டறிந்து, அது எதனால் எடுக்கப்பட்டது, அதற்காக எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவதே அந்த முறை.

முதலில் பார்வை, பிறகு வாசிப்பு

நீங்கள் உள்ளே சென்று நடமாடக்கூடிய கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். புகழ்பெற்றதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு நூலகமோ கல்லூரிக் கட்டடமோ போதும். அதைப் பற்றி எதையும் வாசிப்பதற்கு முன்னர், குறிப்பேடும் பென்சிலும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு, காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் செல்லுங்கள். வெளிச்சம் மாறும்போது சுவரின் தன்மையே மாறுவதை ஒரே வருகையில் உணர முடியாது.

காலடிகளால் அளந்து, முதலில் தள வரைபடம் ஒன்றைத் தோராயமாக வரையுங்கள். அடுத்து, கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அந்த வெட்டுத்தோற்றத்தை வரையுங்கள். அதில் ஒரு மனித உருவத்தையும் சேர்த்துவிடுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் இந்தப் படம்தான் மிக அதிகமாகப் பேசும் என்பது என் உறுதியான கருத்து. கூரை எந்த இடத்தில் தாழ்கிறது, சாளரத்தின் அடிவிளிம்பு அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, மேலிருந்து வரும் வெளிச்சம் தரையில் எவ்வளவு தூரம் எட்டுகிறது ஆகிய மூன்றும் தள வரைபடத்தில் தெரியவே தெரியாது.

ஒளிப்படங்களைக் கடைசியில் எடுங்கள். கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1929ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கண்காட்சிக்காகப் பார்சிலோனாவில் வடிவமைத்த ஜெர்மானியக் காட்சிக்கூடம் அடுத்த ஆண்டே பிரிக்கப்பட்டது. 1980களில் அதே இடத்தில் மீண்டும் கட்டப்படும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் உலகம் அதைக் கறுப்பு வெள்ளைப் படங்களின் வழியாகவே அறிந்திருந்தது. பச்சைப் பளிங்கும் தேன் நிற ஓனிக்ஸ் கல்லும் சிவப்புத் திரையும் கொண்ட அந்த இடம், படங்களில் நிறமற்ற கோடுகளின் ஒழுங்காகவே தெரிந்தது. நவீன கட்டடக்கலை நிறமில்லாதது என்ற எண்ணம் பரவியதில் இத்தகைய படங்களுக்கும் பங்குண்டு என்று கருதுகிறேன்.

ஒரே ஒரு முடிவைப் பிடித்தல்

வரைந்த படங்களை மேசையில் பரப்பி, உங்களுக்கு விளங்காத ஒன்றைத் தேடுங்கள். சுவரை ஒட்டி நிற்க வேண்டிய தூண் ஏன் தள்ளி நிற்கிறது? நுழைவாயில் ஏன் நடுவில் இல்லை? விளங்காத இடத்தில்தான் பெரும்பாலும் ஒரு முடிவு மறைந்திருக்கும். பாரிஸுக்கு அருகே புவாசியில் கட்டடக்கலைஞர் லெ கார்புசியே வடிவமைத்து 1931இல் நிறைவுற்ற வில்லா சவாயில், மேலே செவ்வகப் பெட்டி போல் நிற்கும் வீட்டின் கீழ்த்தளக் கண்ணாடிச் சுவர் மட்டும் அரைவட்டமாக வளைகிறது. அழகுக்காக வளைந்ததாக எழுதிவிடலாம்; உண்மையில், வீட்டின் அடியில் நுழையும் கார் திரும்புவதற்குத் தேவையான வளைவே அந்தச் சுவரின் வடிவத்தைத் தீர்மானித்தது. பார்சிலோனாக் காட்சிக்கூடத்தின் உயரமும் அப்படித்தான்: கிடைத்த ஓனிக்ஸ் பாளத்தின் அளவை ஒட்டியே கூரையின் உயரம் முடிவு செய்யப்பட்டது. இத்தகைய காரணம் கிடைத்துவிட்டால் பாதிக் கட்டுரை எழுதியாயிற்று.

ஓவியம், நாற்காலி, வீடு

கண்டறிந்த முடிவு வேறு கலைகளிலும் தென்படுகிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. கலை, வடிவமைப்பு, கட்டடக்கலை மூன்றையும் ஒரே கட்டுரையில் கொண்டுவருவதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

நெதர்லாந்தில் 1917இல் தொடங்கிய டி ஸ்டைல் என்னும் கலை, வடிவமைப்பு இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பங்குபெற்ற மோந்திரியானின் ஓவியங்களில், சட்டத்தின் விளிம்பை எட்டும் கோடுகள் அதற்கு அப்பாலும் தொடர்வதாகவே நமக்குத் தோன்றும். கெரிட் ரீட்வெல்டின் சிவப்பு நீல நாற்காலியில் மரச்சட்டங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் நின்றுவிடாமல் சற்று நீண்டு செல்கின்றன; அவற்றின் வெட்டு முனைகள் மஞ்சள் நிறத்தில் இருப்பதால், அந்த நீட்சியைக் கண் தவறவிடாது. அதே ரீட்வெல்ட் 1924இல் உத்ரெக்ட் நகரில் கட்டிய ஷ்ரோடர் வீட்டில் சுவர்ப்பலகைகளும் பால்கனிகளும் எஃகுத் தண்டுகளும் இதே விதத்தில் ஒன்றையொன்று கடந்து நீள்கின்றன. மேல்தள மூலையிலுள்ள சாளரத்தின் இரு கதவுகளையும் திறந்தால், நடுவில் தூண் ஏதும் இல்லாததால், அறையின் மூலையே காணாமல் போகிறது. மூடிய பெட்டியை உடைத்துத் திறப்பது என்ற ஒரே எண்ணம் மூன்று அளவுகளில் செயல்படுவதை இங்கே காண்கிறோம்.

ஆயினும் ஒப்புமையோடு நின்றுவிட்டால் கட்டுரை மேலோட்டமாகிவிடும். இந்த வீட்டின் மேல்தளத்தில் நகரும் தடுப்புகள் வந்ததற்கு, குழந்தைகளோடு திறந்த இடத்தில் வாழ விரும்பிய உரிமையாளர் துரூஸ் ஷ்ரோடர் ஒரு முக்கியக் காரணம்; வடிவமைப்பில் அவருக்கும் பங்கு உண்டு. அத்தகைய திறந்த தளத்தைக் கட்டட விதிகள் ஏற்காது என்பதால், வரைபடத்தில் அது பரண் என்று குறிக்கப்பட்டது. முழுவதும் கான்கிரீட் போலத் தோன்றும் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் பூச்சும்தான். கான்கிரீட் அதிகச் செலவாகும் என்பதால் அடித்தளத்திலும் பால்கனிகளிலும் மட்டுமே அது பயன்பட்டது. ஓவியத்துக்குக் கட்டட விதிகளும் வரவுசெலவும் குடும்பமும் தடையாக வருவதில்லை. கட்டடம் இவை அனைத்தோடும் பேரம் பேசித்தான் உருவாகிறது. இந்த வேறுபாட்டைக் காட்டும் கட்டுரையே எனக்கு மிகவும் பிடித்தமானது.

விட்டுக்கொடுக்கப்பட்டது எது

தட்டைக் கூரை கொண்ட வில்லா சவாயில் மழைநீர் ஒழுகியதால், அதன் உரிமையாளர் குடும்பம் 1930களில் கட்டடக்கலைஞருக்கு மீண்டும் மீண்டும் முறையிட்டது. வால்டர் குரோப்பியஸ் வடிவமைத்து 1926இல் திறக்கப்பட்ட ஜெர்மனியின் தெசாவ் நகரிலுள்ள பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளிக் கட்டடத்தின் பெரும் கண்ணாடிச் சுவர், பட்டறைகளுக்கு வெளிச்சத்தோடு கோடை வெப்பத்தையும் குளிர்காலக் குளிரையும் கொண்டுவந்தது. இவற்றைக் குறை கூறும் தொனியில் எழுத வேண்டாம்; புகழ்ந்து மறைக்கவும் வேண்டாம். உங்கள் கட்டடத்தில் பணியாற்றுவோரையும் துப்புரவு செய்வோரையும் அணுகி, எந்தச் சாளரம் திறக்காது, எந்த அறை நண்பகலில் காலியாகிவிடுகிறது என்று கேட்டறிந்து எழுதுங்கள். அவர்கள் அறிந்தது எந்த வரைபடத்திலும் இருக்காது.

எழுதும்போது

முதல் பத்தியில் வரலாற்றைத் தவிர்த்து, நீங்கள் கண்ட அந்த விளங்காத இடத்தை அளவோடு விவரியுங்கள். கண்டது, வாசித்தது, ஊகித்தது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாதபடி வாக்கியங்களை அமைத்து, ஊகத்தை ஊகம் என்றே சொல்லுங்கள். ‘அழகான’, ‘பிரமிப்பூட்டும்’ போன்ற அடைமொழி வரும்போதெல்லாம் அதை அடித்துவிட்டு, அந்த உணர்வை எழுப்பிய பொருளின் பெயரையோ அளவையோ வெளிச்சத்தின் திசையையோ எழுதிப் பாருங்கள்.

புகழ்பெற்ற வாசகங்களை மேற்கோளாக்கும்போது கூடுதல் கவனம் தேவை. உருவம் பயன்பாட்டைப் பின்தொடர்கிறது என்ற கருத்து அலங்காரத்துக்கு எதிரான முழக்கமாகவே பலராலும் எடுத்தாளப்படுகிறது. அதை 1896இல் எழுதிய அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி சல்லிவனோ, அதே காலகட்டத்தில் பஃபலோ நகரில் எழுப்பிய கேரண்டி கட்டடத்தின் முகப்பு முழுவதையும் சுடுமண் அலங்காரங்களால் மூடியவர்.

நிறைவாக, வெட்டுத்தோற்றத்தைத் திருத்தி அழகுபடுத்தாமல் கட்டுரையோடு இணையுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த முடிவு படத்தில் எங்கே இருக்கிறது என்பதை ஓர் அம்புக்குறியால் காட்டி, அதன் அருகே அளவையும், பார்த்த நேரத்தையும், வெளிச்சம் வந்த திசையையும் குறித்துவிடுங்கள்.