ஸ்பிட்ஃபயர் இருக்கையை வீட்டில் அமைப்பது

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம் என்று. முதலில் உட்காரும் இடத்தைச் சரிசெய்யுங்கள் என்பேன்.

நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள். ரடர் பெடலை (விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பும் கால் பெடல்) மிதித்தால் பின்னால் ஓடுகிற நாற்காலியில் எந்த விமானமும் நேராகப் போகாது. முடிந்தால் ஆசாரியிடம் சொல்லி, உட்காரும் பகுதி குழிவாக வரும்படி பிளைவுட்டில் ஒன்று செய்துகொள்ளுங்கள். அசல் இருக்கை வாளி போலக் குழிந்திருக்கும். பாராசூட் பொதியை அதற்குள் அமர்த்தி, அதன் மேல்தான் விமானி உட்காருவார். அந்த உயரத்துக்குக் கெட்டியான மெத்தை போதும். இலவம்பஞ்சு வேண்டாம்; அது அமுங்க அமுங்க உங்கள் கண் மட்டமும் இறங்கும். அசலில் வலப்பக்க நெம்புகோலால் இருக்கையை ஏற்றி இறக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. திரையில் தெரியும் குறிகாட்டி வளையம் (சுடுவதற்குக் குறிபார்க்கும் வளையம்) கண்ணுக்கு நேரே வரும்வரை மானிட்டரைத்தான் நகர்த்த வேண்டும்.

பெடலில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். ஸ்பிட்ஃபயர் பெடலில் இரண்டு படிகள் உண்டு. மேல்படி சுமார் 6 அங்குலம் உயரம். இறுக்கமாகத் திரும்பும்போது ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டும். பாதத்தை மேலே வைத்தால் அந்த இருட்டு கொஞ்சம் தள்ளிப்போகும். அதன் எதிரியான ஜெர்மானியப் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் படியே தேவைப்படவில்லை. விமானி கிட்டத்தட்டச் சாய்ந்து, காலை நீட்டித்தான் உட்காருவார். வீட்டில் யாருக்கும் கண் இருட்டப்போவதில்லை. ஆனாலும் பெடல் மேல் ஒரு மரக்கட்டையைத் திருகிப் பாருங்கள், சண்டையில் கால் தானாக மேலே ஏறும். 109 ஓட்டுவதாக இருந்தால் பெடல் ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடுங்கள். அதில் பறக்கும்போது ரடர் டிரிம்மை (மிதிக்காமலே விமானம் நேராகப் போக ரடரைச் சரிசெய்யும் அமைப்பு) திருத்த வழியில்லை, வேகம் மாறினால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜாய்ஸ்டிக்கை மேசையில் வைக்காதீர்கள், இரு முழங்கால்களுக்கும் நடுவே தரையில் பொருத்துங்கள். ஸ்பிட்ஃபயரின் தண்டு முன்னும் பின்னும் முழுதாக அசையும். பக்கவாட்டில் வளையப்பிடி உள்ள மேல்பகுதி மட்டுமே சாயும். காக்பிட் அவ்வளவு ஒடுக்கம், முழுத்தண்டும் சாய்ந்தால் தொடையில் இடிக்கும். கடையில் கிடைக்கும் ஜாய்ஸ்டிக் அடியிலிருந்தே சாய்வதால், முழங்கால்களைச் சற்று அகட்டி வைக்க இடம் விட்டு மெத்தையை வெட்டுங்கள்.

இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் லீவர் இடப்பக்கம், சக்கரங்களை மடக்கும் லீவர் வலப்பக்கம். இதை மாற்றி வைத்தால் ஸ்பிட்ஃபயரின் வேடிக்கையே போய்விடும். தரையை விட்டு எழுந்ததும் இடக்கை திராட்டிலை விட்டுத் தண்டைப் பிடிக்க, வலக்கை சக்கரத்தை மடக்கும். ஸ்பிட்ஃபயரின் முதல் ரகமான மார்க் 1இன் ஆரம்பகால விமானங்களில் அதற்குக் கையால் பம்ப் அடிக்க வேண்டியிருந்தது. வலக்கை அடிக்கும் வேகத்தில் இடக்கையும் சேர்ந்து ஆட, புதியவர்களின் விமானம் மூக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே ஏறும். கை மாற்றும் முன் திராட்டில் உராய்வுத் திருகை இறுக்குங்கள். இல்லையென்றால் கையை எடுத்ததும் அது பின்னால் நழுவி, ஏறும்போதே பவர் குறைந்துவிடும்.